நாற்பது நாள் மூத்தவள்

தீப்பெட்டி மருந்துக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. கந்தகமும் பசையும் கலந்து மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் இறங்காத வாசனை. எங்கள் பள்ளி ஹாக்கி அணிக்கு இருந்த பதினான்கு கம்புகளில் எதை எடுத்து முகர்ந்தாலும், முந்தின நாள் அதைச் செல்லக்கனி பிடித்தாளா இல்லையா என்று சொல்லிவிடலாம். அவள் விடிந்ததும் தன் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இருந்த "தீப்பெட்டி ஆபீஸில்" உட்கார்ந்து, மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை அள்ளி அள்ளிப் பெட்டிகளில் அடைத்துவிட்டு, எட்டரை மணிக்கு மேல்தான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுவாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாலு தூண் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகையானாலும் அது "ஆபீஸ்"தான். ஆகவே எங்கள் வகுப்பில் அவளை "ஆபீஸர்" என்று கூப்பிட்டோம். அவளும் அதற்குக் கோபப்பட்டதில்லை.

நான் பசுவந்தனை ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். செல்லக்கனி ஓட்டப்பிடாரம் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூரில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது ஹாக்கிதான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்த தொண்ணூறுகளிலும் எங்கள் ஊரில் சாயங்காலமானால் ஹாக்கிக் கம்புதான் தெருவில் நடமாடும். அதற்குக் காரணம் கேட்டால் என் அப்பா கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கிவிடுவார். சுதந்திரம் வந்த புதிதில், புதுத் தேசத்துக்கு உலகத்தின் முன் காட்டிக்கொள்ள இருந்த ஒரே பெருமை ஹாக்கிதான் என்று எண்ணிய தீப்பெட்டி முதலாளிகள் ஆளுக்கொரு கோப்பை வைத்துப் போட்டி நடத்தினார்களாம். வடக்கே எங்கிருந்தோ தலைப்பாகை கட்டிய ஆட்கள் ரயிலேறி வந்து, சவுக்குக் கம்பு நட்ட கேலரிக்கு முன்னால் கரிசல் புழுதியில் விளையாடிவிட்டுப் போனார்களாம். "அவிய விட்டுட்டுப் போன உடஞ்ச கம்ப ஒட்டித்தான் இந்த ஊர்க்காரன் வெளையாடப் பழகுனான்" என்பார் அப்பா. பழகினவர்களில் பலருக்கு ரயில்வேயிலும் போலீசிலும் வேலை கிடைத்தது. தெருவுக்கு ஒரு வீட்டையாவது காட்டி, "ஹாக்கியில வேல வாங்குன வீடு" என்று சொல்லும் ஊர் எங்களுடையது. அந்த வீடுகளில் பெண்கள் பெயர் மட்டும் ஒன்றுகூட இருந்ததில்லை.

அதை மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் மேரி டீச்சர். இருபத்தாறு வயது. எங்கள் பெண்கள் பள்ளிக்குத் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியையாக வந்தவர், வந்த முதல் வாரத்திலேயே பாவாடை தாவணியில் இருந்த எங்களுக்குக் கால்சட்டை தைக்கக் காக்கித் துணி வாங்கிவிட்டார். எங்கள் மைதானம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து நேராக வருவதுபோல வந்து, வெடிப்பின் விளிம்பில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறும். ஐப்பசியில் மழை பெய்தால் காலில் மண் அப்பி, ஆளுக்கொரு படி மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுவோம். செல்லக்கனி மட்டும் அந்தத் தரையில் மாட்டிக்கொண்டதே இல்லை. ஆடுகளின் பின்னால் ஓடிப் பழகியவள். எந்தக் குட்டி எந்தப் பக்கம் பாயும் என்று பார்த்த கண்ணால் பந்தையும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் அம்மா வேலம்மாள் ஒருநாள் மைதானத்துக்கு வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "ஆடு மேய்க்கவும் கம்பு, இதுக்கும் கம்பு. ஆடு மேய்ச்சா குட்டியாவது மிஞ்சும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சுதந்திரப் பொன்விழா வந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டில் விளையாட்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டுவதற்காக, கொடியேற்றி முடித்ததும் எங்கள் அணியை இரண்டாகப் பிரித்து ஆடவைத்தார்கள். செல்லக்கனி வெறுங்காலோடு மூன்று கோல் போட்டாள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த அதிகாரி அவளைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, "இந்தப் பிள்ளையை அரசாங்க விளையாட்டு விடுதிக்கு அனுப்புங்க டீச்சர், இந்தியாவுக்கே ஆடும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு விடுதி என்ற சொல் பிடித்துக்கொண்டது. அங்கே படிப்பு, உடுப்பு, காலுக்கு ஷூ, விளையாடச் செயற்கைப் புல்தரை, நல்லபடியாக ஆடினால் பிறகு வேலை, எல்லாம் உண்டென்று மேரி டீச்சர் சொன்னார். வேலம்மாள் ஒன்றுதான் கேட்டார்: "மூணு நேரமும் சோறா டீச்சர்?"

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில் வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை எங்களை ஓடவிட்டு, குனியவிட்டு, பந்தடிக்கவிட்டுக் கடைசியில் இரண்டு பெயரை எழுதினார்கள். முதல் பெயர் செல்லக்கனி. அவளால் வர இயலாமற்போனால் என்று அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டாம் பெயர் என்னுடையது. நான் சுமாரான ஆட்டக்காரி. பந்தைத் தடுப்பேன், தடுத்ததை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது எனக்கும் தெரியும், எழுதினவர்களுக்கும் தெரியும்.

இறுதித் தேர்வு பன்னிரண்டு நாள் கழித்துச் சென்னையில். அதற்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் மேரி டீச்சர் செல்லக்கனியின் பள்ளிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஜூலை முதல் தேதியன்று பதினான்கு வயது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. சான்றிதழில் இருந்த பிறந்த தேதி மே இருபத்திரண்டு. நாற்பது நாள் கூடுதல். ஜூலைக் கடைசியில் பிறந்த எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

"டீச்சர், எனக்கு இன்னும் பதினாலே ஆகல. பதிமூணுதான் ஆகுது" என்றாள் செல்லக்கனி. "எங்கம்மாட்ட கேளுங்க."

வேலம்மாளைக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணவில்லை. "இவ பொறந்தது பங்குனி உத்திரம் கழிஞ்சு மூணாம் நாளு. மூத்தவன் கால ஒடிச்சிக்கிட்ட வருசம். அவனுக்கும் இவளுக்கும் நாலு வயசு வித்தியாசம். பள்ளிக்கூடத்துல விடும்போது இவளுக்கு நாலுதான். வீட்டுல பாக்க ஆளில்ல, கொண்டு போயி விட்டேன். வாத்தியாரு எழுதிக்கிட்டாரு" என்றார். மூத்தவனின் சான்றிதழை வைத்துக் கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக வந்தது. ஆக, செல்லக்கனிக்கு உண்மையில் பதின்மூன்று, காகிதத்தில் பதினான்கு.

எழுதின வாத்தியார் ஓய்வு பெற்றுக் கழுகுமலையில் இருக்கிறார் என்று தெரிந்து, மறுநாள் மேரி டீச்சர் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் எதற்கு என்று அப்பா கேட்டார். "துணைக்கு" என்றேன். அது முழு உண்மையில்லை. என்ன ஆகிறதென்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வாத்தியார் வாசலில் ஈஸிசேரில் படுத்திருந்தார். கண் புரை விழுந்திருந்தது. செல்லக்கனியின் அப்பா பெயரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளதானம்மா நீ?" என்று கேட்டார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் வந்த காரியத்தை மேரி டீச்சர் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"நான்தான் எழுதுனேன். மறைக்கல. அஞ்சு முடியாத பிள்ளயச் சேக்கக் கூடாது. சேக்கலன்னா அந்தப் பிள்ள ஆட்டுக்குப் பின்னால போயிரும், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராது. அதனால மே இருபத்திரண்டுன்னு போட்டேன். அந்த வருசம் சேந்த ஒம்பது பிள்ளைகளுக்கும் அதே தேதிதான் போட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் டீச்சர் எழுதுனேன்" என்றார்.

நாங்கள் கேட்காமலே அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய தேதி உத்தேசமானது என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்து வரிக்கு வரி சரிந்து கிடந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மேரி டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்; பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அந்தக் கடிதத்தால் எந்த அலுவலகத்திலும் ஒரு கதவும் திறக்காதென்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மிச்சமிருந்த வழி தாலுகா ஆபீஸ். பிறப்புப் பதிவேட்டில் அவள் பிறந்தது ஏறியிருந்தால் அதைக் காட்டித் தேதியைத் திருத்தலாம். வேலம்மாள் அன்று ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். அங்கே இருந்த குமாஸ்தா நடுத்தர வயதுக்காரர். எங்களை விரட்டவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அந்தச் சிற்றூரின் பழைய பதிவேட்டை ஏணி போட்டு ஏறி எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்த வருடத்தில் பெண் குழந்தை என்று சில வரிகள் இருந்தன. தகப்பன் பெயர் எதுவும் பொருந்தவில்லை.

"இவ எங்க பொறந்தாம்மா? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?"

"கெட போட்ட காட்டுலய்யா" என்றார் வேலம்மாள். "வெள்ளாம எடுத்தப் பெறகு ஆட்டப் பத்திக்கிட்டு மேக்க போவோம்லா, அங்குள்ளவிய வயல்ல ஒரத்துக்கு ராத்திரி கெட போடுததுக்கு. அங்கன வச்சுத்தான் வலி வந்துச்சு."

"மேக்கன்னா எந்த ஊரு?"

"சங்கரன்கோயிலு பக்கம்."

"ஊரு பேரு சொல்லணுமே தாயி. அந்த ஊரு ரிக்கார்டுலதான் இருக்கும், இருந்தா."

வேலம்மாள் யோசித்தார். "அந்த மாசம் மூணு ஊரு மாத்துனோம்யா. கெணத்தடியில ஒரு வேப்பமரம் நின்னுச்சு. கெணத்துக்காரவிய வீட்டுலருந்து சுடுதண்ணி கொண்டாந்து குடுத்தாவ. அவிய பேரு கேட்டுக்கிடல."

குமாஸ்தா பேனாவை மூடினார். எந்த ஊரிலும் பதிவு இல்லையென்று சான்று வாங்கி, வக்கீலைப் பார்த்து, கோர்ட்டில் மனுப் போட்டால் ஆறு மாதத்திலோ எட்டு மாதத்திலோ உத்தரவு வரும் என்று பொறுமையாக விளக்கினார். எங்களிடம் ஒன்பது நாள் இருந்தது. "நீங்க சொல்லுதத நான் நம்புதேன்மா. நான் நம்பி என்ன செய்ய?" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதாமல் போனால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். அவர் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒரு வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா என்று எனக்கே தெரியாத வேண்டுதல். அவர் பதிவேட்டை மூடியபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று லேசானது. பக்கத்தில் செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, தேர்வுக் காரியங்களை நன்கறிந்த ஒருவர் பள்ளிக்கு வந்தார். "புதுசா ஒரு சர்டிபிகேட் வாங்கிருங்க டீச்சர், ஆள் இருக்கு. எல்லா ஊர்லயும் செய்யுததுதான். பதினாறு வயசுப் பிள்ளையெல்லாம் பதிமூணுன்னு வந்து ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபிறகு மேரி டீச்சர் எங்களை உட்காரவைத்து அதை அப்படியே சொன்னார்.

"உள்ள வயசச் சொல்லுததுக்கா டீச்சர் கள்ளப் பேப்பரு?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"எனக்குப் பயமா இருக்கு கனி" என்றார் டீச்சர். "நான் இன்னும் நிரந்தரமாகல. மாட்டுனா என் வேலை போயிரும். வீட்ல என் சம்பளம்தான். என்னால முடியல." ஒரு டீச்சர் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. செல்லக்கனிதான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க டீச்சர், அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாள். அடுத்த வருடம் காகிதத்தில் அவளுக்கு இன்னும் ஒரு வயது கூடியிருக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

என் வீட்டில் அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் போகவில்லை என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. "நீ போகலன்னா அந்தப் பிள்ளைக்குக் கெடச்சிருமா? கெடைக்காது. வந்தத விடாத" என்றார். மறுக்க நானும் மெனக்கெடவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் பஸ் நிலையத்துக்குச் செல்லக்கனி ஓடிவந்தாள். ஆபீஸிலிருந்து பாதியில் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பாக மருந்து. "ஏட்டி, அந்தத் தரையில பந்து எகிறாதாம். நேரா வருமாம். நீ பயந்து கம்பத் தூக்கிராத. குனிஞ்சே நில்லு" என்றாள். பிறகு, "நேரமாச்சு, ஆபீஸ்ல வைவாவ" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள்.

சென்னையில் அந்தச் செயற்கைப் புல்தரையை முதன்முதலில் பார்த்தபோது நான் பார்த்தது புல்லை அல்ல, தண்ணீரை. ஆட்டம் தொடங்குமுன் நான்கு பக்கமும் பெரிய குழாய்களைத் திறந்து மைதானம் முழுவதையும் நனைத்தார்கள். அப்படி நனைத்தால்தான் பந்து ஓடுமாம். எங்கள் ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும்; குடத்துக்கு வரிசை போட்டுச் சண்டை பிடித்து வாங்குவோம். விளையாடுவதற்குத் தண்ணீரைக் கொட்டுகிற ஒரு தேசமும் இதே தேசத்துக்குள் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பந்து உண்மையாகவே நேராக வந்தது. நான் குனிந்தே நின்றேன். வந்த பந்தையெல்லாம் தடுத்தேன். என்னை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடம் அந்த விடுதியில் இருந்தேன். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரிகளின் பெஞ்சில்தான் இருந்தேன். மூன்று நேரமும் சோறு போட்டார்கள். கடைசியில் கிடைத்த சான்றிதழ் எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் வேலை வாங்கிக் கொடுத்தது. எங்கள் தெருவில் எங்கள் வீடும் "ஹாக்கியில வேல வாங்குன வீடு" ஆயிற்று. மேரி டீச்சர் நிரந்தரமாகாமலே வேறு ஊருக்குப் போனார்; அவரோடு பெண்கள் அணியும் கலைந்தது. செல்லக்கனி பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. குளத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று விடுமுறைக்குப் போனபோது சொன்னார்கள்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, அலுவலக வேலையாகக் குளத்தூர்ப் பக்கம் போக நேர்ந்தது. விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெளுத்துப் பிளந்திருந்தது. நான் காலையே பார்ப்பதைக் கண்டு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "எனக்கு முதியோர் பென்சன் ஒரு வருசம் முன்னாடியே வந்துரும்ட்டி, வாத்தியாரு புண்ணியம்" என்று சொல்லிச் சிரித்தாள். என்னாலும் சிரிக்க முடிந்தது. பிறகு மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் கேட்பதற்காகவே வைத்திருந்ததுபோல, "அங்கன மூணு வருசத்துல எத்தன கோல்ட்டி போட்ட?" என்று கேட்டாள்.

நான் ஒரு கோல்கூடப் போடவில்லை. தடுக்கிற இடத்தில் நிற்கிறவள், அதுவும் எப்போதாவது நிற்கிறவள், எப்படிப் போடுவாள். அதைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏழு" என்றேன்.

"ஏழா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அது போதும்."

இப்போது எங்கள் ஊருக்கே செயற்கைப் புல்தரை வந்துவிட்டது. சுற்றிலும் வேலி, இரவில் விளக்கு, ஆட்டத்துக்கு முன் நனைக்கக் குழாய்கள். பயிற்சிக்கு வருகிற பெண் பிள்ளைகள் எல்லோரிடமும், பிறந்த நாளும் பிறந்த ஆஸ்பத்திரியும் அச்சடித்த சான்றிதழ் இருக்கிறது. எங்கள் பள்ளி மைதானத்தில் வகுப்பறைக் கட்டடம் நிற்கிறது. கையால் பெட்டி அடைக்கிற ஆபீஸ்களில் பலவற்றுக்கு மெஷின் வந்துவிட்டது, சில குடோன்களாகிவிட்டன. கழுகுமலை வாத்தியாரும் வேலம்மாளும் இல்லை. எங்கள் அணியின் புகைப்படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. அப்படி ஒருத்தி மூன்று கோல் போட்டாள் என்பதற்கு நான் சொல்வதைத் தவிர அத்தாட்சி கிடையாது.

போன தை மாதம் செல்லக்கனியின் மகளுக்குக் கல்யாணம். போயிருந்தேன். பந்தலில் என்னைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் நிறுத்தினாள். "இவ என் கூடப் படிச்சவ. மெட்ராஸ்ல போயி பதினோரு கோல் போட்டவ" என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். நானும் கும்பிட்டேன்.